லாட்டிஸ்களின் வெளியில் சராசரி: ஸீகல் தேற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

வைகைக்கரை (திருநகர்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் சிலர் கூடுகிறார்கள். எண் கோட்பாட்டில் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பேசுகிறோம். மிங்கோவ்ஸ்கி தேற்றம் முடிந்தது. அடுத்தது ஸீகல் என்ற கணிதர் 1945-ல் வெளியிட்ட சராசரித் தேற்றம். லாட்டிஸ் என்பது வெளி முழுக்கச் சீராகத் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளின் அடுக்கு, அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்தால் வரும் இணைகரப் பெட்டிதான் அதன் ஒரு கட்டம்.

தேற்றம் சொல்வது இதுதான். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணத்தில், ஒரு கட்டத்தின் கன அளவு 1 ஆக உள்ள லாட்டிஸ்கள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பகுதியைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு லாட்டிஸிலும் ஆதிப்புள்ளியை விட்டு எத்தனை புள்ளிகள் அதற்குள் விழுகின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைகளின் சராசரி, பகுதியின் கன அளவேதான்.

பிள்ளைகள் உடனே கேட்கிறார்கள்: "லாட்டிஸ்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவே மேடம், எதைக் கூட்டி எதால் வகுப்பது?" ஹார் மெஷர் (லாட்டிஸ் வெளியின் ஒவ்வொரு பாகத்துக்கும் எடை கொடுக்கும் முறை) என்று பதில் சொன்னால் தலையாட்டுகிறார்கள், ஆனால் முகத்தில் தெளிவு வருவதில்லை. பேப்பரில் போட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?

ஒத்தக்கடை வாத்தியார்

இருக்கிறதம்மா. மெஷர் என்ற பேச்சே எடுக்காமல் ஆரம்பிக்கலாம். பகா எண் 5-ஐ எடுங்கள். கட்டம் போட்ட நோட்டில் முழு எண் புள்ளிகளைக் குறியுங்கள். இப்போது "இரண்டாவது ஆயத்தையும் முதல் ஆயத்தின் இரண்டு மடங்கையும் 5-ஆல் வகுத்தால் ஒரே மீதி" என்ற நிபந்தனைக்கு உட்பட்ட புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். (1, 2) இருக்கும், (2, −1) இருக்கும், (1, 1) போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு லாட்டிஸ். அதன் ஒரு கட்டத்தின் பரப்பு 5.

இரண்டு மடங்கு என்பதற்குப் பதில் 0, 1, 3, 4 மடங்கு என்றும் வைக்கலாம். "முதல் ஆயம் 5-ஆல் வகுபட வேண்டும்" என்பது இன்னொன்று. ஆக மொத்தம் 6 லாட்டிஸ்கள். இதில் முக்கியமான விஷயம், இரண்டு ஆயங்களும் 5-ஆல் வகுபடும் புள்ளிகளைத் தவிர, ஒவ்வொரு புள்ளியும் இந்த ஆறில் சரியாக ஒன்றில்தான் இருக்கும். விட்டும் போகாது, இரண்டிலும் வராது.

ஆதிப்புள்ளியைச் சுற்றி √5 ஆரத்தில் வட்டம் போடுங்கள். உள்ளேயும் விளிம்பிலுமாக, ஆதிப்புள்ளி நீங்கலாக 20 புள்ளிகள். ஆறு லாட்டிஸ்களுக்கும் பங்கு பிரித்தால் 4, 4, 4, 4, 2, 2. சராசரி 20/6, அதாவது 3.33. வட்டத்தின் பரப்பைக் கட்டத்தின் பரப்பால் வகுத்தால் பை, 3.14. எல்லாவற்றையும் √5-ஆல் சுருக்கிவிட்டால் கட்டத்தின் பரப்பு 1, வட்டத்தின் ஆரம் 1. ஸீகல் சொல்கிற எண் அதே பை.

5-க்குப் பதில் பெரிய பகா எண்ணாக வைக்க வைக்க இந்த லாட்டிஸ்கள் லாட்டிஸ் வெளி முழுவதும் சீராகப் பரவுகின்றன. ஹெக்கே புள்ளிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். சராசரியும் வட்டத்தின் பரப்பை நெருங்கும். ஹார் மெஷர் என்று நீங்கள் சொல்வது, இந்தச் சாதாரணக் கூட்டி வகுத்தலின் எல்லை என்றே பிள்ளைகளிடம் சொல்லலாம்.

மேலூர் மாணவி

சார், இதைப் படித்ததும் 13-க்குப் போட்டுப் பார்த்தேன். 14 லாட்டிஸ்கள், ஆரம் √13. வட்டத்துக்குள் 44 புள்ளிகள். இரண்டு லாட்டிஸ்களில் 6, நான்கில் 4, எட்டில் 2. கூட்டினால் 12 + 16 + 16 = 44, சரியாக வருகிறது. சராசரி 44/14. சுருக்கினால் 22/7! பள்ளிக்கூடத்தில் பைக்குப் போடுகிற அதே பின்னம். இதற்குக் காரணம் ஏதாவது உண்டா?

ஒத்தக்கடை வாத்தியார்

அருமை. நீ பிரித்து எழுதியது முழுக்கச் சரி. 22/7 வந்தது தற்செயல்தான். 17-க்குப் போட்டால் 56 புள்ளிகள், 18 லாட்டிஸ்கள், 3.11 வரும். பகா எண் ஏற ஏற பையைச் சுற்றி ஆடிக்கொண்டே நெருங்கும்.

உன் பட்டியலில் இன்னொன்றைக் கவனி. சராசரி 3.14, ஆனால் எந்த லாட்டிஸிலும் 3 புள்ளி இல்லை. எல்லாம் இரட்டை எண். ஒரு புள்ளி இருந்தால் ஆதிப்புள்ளிக்கு எதிர்ப்பக்கம் அதன் ஜோடியும் இருந்தே தீரும். சின்ன விஷயமாகத் தெரியும், பின்னால் பெரிய வேலை செய்யும்.

பிள்ளைகளுக்கு நிரூபணத்தின் சாரமும் சொல்லலாம். கன அளவை மாற்றாத ஒரு நேரியல் மாற்றத்தால் எல்லா லாட்டிஸ்களையும் நகர்த்தினால், மொத்தக் கூட்டம் தன்மேலேயே போய் விழும், மெஷரும் மாறாது. ஆகவே ஒரு பகுதியை அப்படி நகர்த்தினாலும் சராசரி மாறக் கூடாது. ஆதிப்புள்ளி அல்லாத எந்தப் புள்ளியையும் வேறு எந்தப் புள்ளிக்கும் இப்படிக் கொண்டுபோகலாம். அதனால் சராசரி, கன அளவின் ஏதோ ஒரு மாறிலி மடங்காகத்தான் இருக்க முடியும். மிகப் பெரிய கோளத்தில் எந்த லாட்டிஸுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை கன அளவை ஒட்டியே வருவதால் அந்த மாறிலி 1. சராசரி முடிவிலியாகப் போய்விடாது என்று காட்டுவதில்தான் உண்மையான உழைப்பு.

கீழவாசல்

இரண்டு பரிமாணத்தில் லாட்டிஸ் வெளியைப் படமாகவே வரையலாம். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

லாட்டிஸைச் சுழற்றி, மிகக் குறுகிய வெக்டரைக் கிடைமட்டமாக வையுங்கள். அதன் நீளம் 1 ஆகும்படி அளவை மாற்றுங்கள். அடுத்த அடிப்படை வெக்டரின் முனை எங்கே இருக்கிறது என்பதுதான் லாட்டிஸின் வடிவம். அதன் கிடைமட்ட ஆயம் −1/2-க்கும் 1/2-க்கும் நடுவில், முனை அலகு வட்டத்துக்கு வெளியே. அதன் உயரத்தை உ என்போம். மேலே போகப் போக முடிவில்லாமல் நீளும் ஒரு பட்டை. அதில் ஒவ்வொரு சின்னப் பரப்புக்கும் 1/உ² என்ற எடை கொடுத்தால் அதுதான் ஹார் மெஷர். பட்டை முடிவில்லாதது, மொத்த எடை மட்டும் பை/3.

கட்டத்தின் பரப்பை 1-க்குத் திருப்பினால் குறுகிய வெக்டரின் நீளம் 1/√உ. அது ஒரு நீளம் நீ-ஐ விடக் குறைவு என்றால் உயரம் 1/நீ²-க்கு மேல். அந்தப் பாகத்தின் எடை நீ². ஆகவே நிகழ்தகவு 3நீ²/பை. நீ 1-க்குள் இருக்கும்வரை இது துல்லியம்.

இதையே ஸீகல் வழியில் எடுப்போம். சோழவந்தான் பக்கம் வரிசை பிடித்து நட்ட தென்னந்தோப்பில் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தால், ஒரே கோட்டில் முன்னால் நிற்கும் மரம் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். லாட்டிஸிலும் மறையாத புள்ளிகளை மட்டும் எண்ணினால், சராசரி கன அளவை ஸீட்டாவால் வகுத்ததாகும். பரிமாணம் ந என்றால் ஸீட்டா(ந) என்பது 1 + 1/2^ந + 1/3^ந + ... என்ற முடிவில்லாக் கூட்டுத்தொகை. இரண்டு பரிமாணத்தில் ஸீட்டா(2), அதாவது பை²/6. நீ ஆர வட்டத்துக்கு 6நீ²/பை. புள்ளிகள் ஜோடியாக வருவதால் பாதி எடுங்கள்: 3நீ²/பை. இரண்டு வழியிலும் ஒரே விடை! நீ = 1 என்று வைத்தால் 0.955. பரப்பு 1 உள்ள லாட்டிஸ்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் 1-ஐ விடக் குறுகிய வெக்டர் கொண்டவை.

வைகைக்கரை (திருநகர்)

ரொம்ப நன்றி. கரும்பலகையில் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போடப் போகிறேன். தேற்றத்தை நம்ப வைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் (இப்போது சென்னை)

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், கணிதம் படித்தவன். அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். சராசரியை வைத்து "இப்படி ஒரு லாட்டிஸ் இருக்கிறது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. இருக்கிறது என்றால் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத பொருளை வைத்து என்ன செய்வது? 8 பரிமாணத்தில் இ8 என்ற லாட்டிஸ் இருக்கிறது, 24-ல் லீச் லாட்டிஸ் இருக்கிறது. எண்களைக் கொடுத்துக் கட்டியவை. கோளங்களை அடுக்குவதில் அவற்றை மிஞ்ச முடியாது என்று 2016-ல் வியாசோவ்ஸ்கா 8-க்கும், அடுத்து மற்றவர்களோடு சேர்ந்து 24-க்கும் நிரூபித்தார். அதுதான் கணிதம் என்பேன்.

ஒத்தக்கடை வாத்தியார்

கோபம் எதற்கு தம்பி. உன் பக்கமும் கணக்கு இருக்கிறது, முதலில் அதையே சொல்கிறேன்.

சராசரியிலிருந்து வருவது இது. கன அளவு 2-க்குக் குறைவான கோளத்தை எடு. புள்ளிகளின் சராசரி 2-க்குக் குறைவு. மேலூர்ப் பிள்ளையின் பட்டியலில் பார்த்தோமே, புள்ளிகள் ஜோடியாகத்தான் வரும். எல்லா லாட்டிஸிலும் குறைந்தது ஒரு ஜோடி இருந்தால் சராசரி 2-க்குக் கீழே போகாது. ஆகவே ஒரு புள்ளிகூட உள்ளே விழாத லாட்டிஸ் ஒன்றாவது உண்டு. மறையாத புள்ளிகளை மட்டும் எண்ணினால் கன அளவை 2-ஐ ஸீட்டாவால் பெருக்கிய அளவுவரை உயர்த்தலாம். அந்த லாட்டிஸின் புள்ளிகளில் பாதி ஆரத்துக்குக் கோளங்களை வைத்தால் ஒன்றோடொன்று மோதாது. பரிமாணம் ந என்றால் அடர்த்தி (மொத்த இடத்தில் கோளங்கள் நிரப்பும் பங்கு) குறைந்தது ஸீட்டா(ந)/2^(ந−1). மிங்கோவ்ஸ்கி சொல்லிவைத்ததை ஹ்லாவ்கா 1943-ல் நிரூபித்தார். ஸீகல் இரண்டே ஆண்டில் அதற்குச் சராசரி என்ற முகத்தைக் கொடுத்தார்.

24 பரிமாணத்தில் இந்த வாய்ப்பாடு தருவது சுமார் 0.00000012. லீச் லாட்டிஸின் அடர்த்தி 0.00193. பதினாறாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அங்கே நீ சொல்வதுதான் சரி.

ஆனால் பரிமாணத்தை ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை புரண்டுவிடுகிறது. எல்லையில்லாமல் ஏற்றும்போது, கையால் கட்டிய எந்தக் குடும்பமும் இந்தச் சராசரிக் கோட்டை எட்டியதாக நிரூபணம் இல்லை. அங்கே இன்றுவரை கிடைத்துள்ள நல்ல கீழ்வரம்புகள் எல்லாமே தற்செயலான தேர்வையோ சராசரியையோ பிடித்து வந்தவை. சராசரியை விட்டால் வேறு வெளிச்சம் இல்லை.

கீழவாசல்

வாத்தியார் சொன்ன "ஜோடி" விஷயத்தை அக்ஷய் வெங்கடேஷ் எங்கே கொண்டுபோனார் என்று சேர்த்துக்கொள்கிறேன். 2018-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர்.

ஜோடி என்பது இரண்டு மடங்கு சமச்சீர். லாட்டிஸுக்கு ம மடங்கு சமச்சீர் இருந்தால் புள்ளிகள் ம, ம-ஆகத்தான் வரும். அப்போது அதே வாதத்தில் கோளத்தின் கன அளவை 2-க்குப் பதில் ம வரை பெரிதாக்கலாம். சிக்கல் என்னவென்றால், சமச்சீர் உள்ள லாட்டிஸ்கள் மொத்த வெளியில் மிக மெல்லிய கூட்டம். அவற்றின் மேல் மட்டும் எடுத்த சராசரியும் கன அளவுக்குச் சமமாக வர வேண்டும். ஒன்றின் ம-ஆம் மூலங்களைச் சேர்த்துக் கிடைக்கும் எண் களத்தின் மேல் இரண்டு பரிமாணமாக எடுத்தால் அது நடக்கிறது. ம-ஐச் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தால் சில பரிமாணங்களில் ந-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாக, மடக்கையின் மடக்கை என்ற காரணி லாபமாகக் கிடைக்கிறது. அந்தக் கட்டுரை 2013-ல் வந்தது.

பிறகு 2025-ல் போவாஸ் கிளார்டாக் எல்லாப் பரிமாணத்துக்கும், ந²/2^ந என்பதன் ஒரு மாறிலி மடங்கு அடர்த்தியுள்ள லாட்டிஸ் உண்டு என்று காட்டினார். அவரும் தற்செயலாக ஒரு லாட்டிஸை எடுத்துத்தான் ஆரம்பிக்கிறார். அப்புறம் ஒரு நீள்கோளத்தை அதற்குள் தடுமாறித் தடுமாறி வளரவிடுகிறார், லாட்டிஸ் புள்ளியில் முட்டும் திசையில் மட்டும் வளர்ச்சி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் ஒன்று.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் (இப்போது சென்னை)

சமச்சீரை வைத்து 2-ஐ ம ஆக்குவது எனக்குப் புதிது, நன்றாக இருக்கிறது. உயர் பரிமாணத்தில் வேறு வழி இல்லை என்பதையும் ஏற்கிறேன். என் வேலைப் பக்கமிருந்து ஒரு கேள்வி. குவாண்டம் கணினிக்கும் தாங்கும் குறியாக்கம் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தரப்படுத்திய முறைகளில் லாட்டிஸை நம்பியவை உண்டு. அதன் பாதுகாப்பைக் கணிக்கும்போது "குறுகிய வெக்டரின் நீளம், கன அளவு 1 உள்ள கோளத்தின் ஆரம் அளவுக்கு இருக்கும்" என்று எடுத்துக்கொள்கிறோம். ஸீகல் சராசரியே இதற்குப் போதுமா?

ஒத்தக்கடை வாத்தியார்

போதாது. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதே இதுதான். சராசரி இவ்வளவு என்று தெரிந்தால், அதற்குக் குறைவானது ஒன்று இருக்கிறது என்று சொல்லலாம். பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு எண்ணிக்கையின் வர்க்கத்துக்கும் சராசரி வேண்டும்.

கீழவாசல் போட்ட பட்டையை மறுபடி பாருங்கள். உயரம் உ மிகப் பெரியதாக இருக்கும் லாட்டிஸில் புள்ளிகள் கிடைமட்டக் கோடுகளில் நெருக்கமாக, கோட்டுக்கும் கோட்டுக்கும் தூரம் அதிகமாக இருக்கும். வட்டத்துக்குள் நடுக்கோடு மட்டும்தான் வரும். ஆரம் ஆ என்றால் அதில் சுமார் 2ஆ√உ புள்ளிகள். எடை 1/உ². √உ-ஐ 1/உ²-ஆல் பெருக்கித் தொகையிட்டால் முடிவுள்ள விடை, ஆகவே ஸீகல் தப்பித்தார். வர்க்கம் எடுத்தால் உ-ஐ 1/உ²-ஆல் பெருக்க வேண்டும், 1/உ. அதன் தொகையீடு மடக்கை, முடிவிலிக்குப் போகிறது. இரண்டு பரிமாணத்தில் சராசரி உண்டு, வர்க்கத்தின் சராசரி இல்லை! மிக அரிதாக வரும் சில லாட்டிஸ்கள் கணக்கற்ற புள்ளிகளைக் கொட்டிவிடுகின்றன.

மூன்று பரிமாணம் தொடங்கி நிலைமை நல்லபடியாகிறது. ரோஜர்ஸ் 1955-ல் எண்ணிக்கையின் வர்க்கம், கனம் போன்ற உயர் அடுக்குகளுக்கும் வாய்ப்பாடு கொடுத்தார். வர்க்கத்துக்கு அதிலிருந்து வருவது: சராசரியிலிருந்து விலகலின் வர்க்கம், கன அளவின் ஒரு மாறிலி மடங்குக்குள் அடங்கும். கன அளவு பத்தாயிரம் என்றால் விலகல் நூறின் சில மடங்கு. புள்ளிகளைத் தற்செயலாகத் தூவினால் என்ன விலகல் வருமோ ஏறக்குறைய அதே அளவு. பரிமாணம் முடிவிலிக்குப் போகும்போது, ஜோடிகளின் எண்ணிக்கை, தற்செயலாகத் தூவிய புள்ளிகளுக்கு வரும் பாய்ஸான் பரவலையே அடைகிறது என்றும் ரோஜர்ஸ் காட்டினார். உங்கள் குறியாக்கக் கணிப்புக்குப் பின்னால் நிற்பது இது. 100 பரிமாணத்தில் கன அளவு 1 உள்ள கோளத்தின் ஆரம் சுமார் 2.5. தற்செயலான லாட்டிஸின் குறுகிய வெக்டர் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும்.

அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. குறியாக்கத்தில் வருவது முழுக்கத் தற்செயலான லாட்டிஸ் அல்ல, அமைப்பு உள்ளது, உள்ளே குறுகிய வெக்டரை ஒளித்தும் வைத்திருப்பார்கள். தேற்றம் சொல்லும் கூட்டத்தில் அது உறுப்பினரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மேலூர் மாணவி

சார், இந்த வெளியைப் பற்றி நம் நாட்டில் யாராவது வேலை செய்திருக்கிறார்களா? செமினாருக்கு எடுக்க ஆசை.

கீழவாசல்

நிறையவே, தங்கச்சி. ஸீகலே மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து இருபடி வடிவங்கள் பற்றிப் பாடம் நடத்தினார். கே.ஜி. ராமநாதன் எழுதிய குறிப்புகளாக அது வெளிவந்தது. அதே நிறுவனத்தின் எம்.எஸ். ரகுநாதன், லாட்டிஸ் வெளியில் ஒரு பாதை எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது பற்றி ஓர் ஊகத்தை வைத்தார். ஓப்பன்ஹைம் 1929-ல் இருபடி வடிவங்கள் பற்றிச் சொன்ன ஊகமும் அதிலிருந்தே வந்துவிடும் என்று கண்டார். ஓப்பன்ஹைம் ஊகத்தை மார்குலிஸ் 1980-களில் இந்த வழியில் முடித்தார். எஸ்.ஜி. தானியும் மார்குலிஸும் சேர்ந்து அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். ரகுநாதன் ஊகத்தை 1990-களின் தொடக்கத்தில் மரீனா ராட்னர் முழுமையாக நிரூபித்தார். செமினாருக்கு ஓப்பன்ஹைமை எடு, கேள்வி எளிது, விடை இந்த வெளியில் இருக்கிறது.

வைகைக்கரை (திருநகர்)

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் லேப்டாப் கொண்டுவருவார்கள். தற்செயலான லாட்டிஸை நிஜமாகவே கணினியில் எடுத்துப் பார்க்கச் சுலபமான வழி எது?

பெரியார் பஸ் ஸ்டாண்ட் (இப்போது சென்னை)

இது என் ஏரியா, அக்கா. இரண்டு பரிமாணத்துக்கு: −1/2-க்கும் 1/2-க்கும் இடையில் சீராக ஒரு எண், அது கிடைமட்ட ஆயம். 0-க்கும் 1-க்கும் இடையில் சீராக இன்னொன்று, √3/2-ஐ அதனால் வகுத்தால் உயரம். இப்படி எடுத்தால் 1/உ² எடை தானாக அமைந்துவிடும். புள்ளி அலகு வட்டத்துக்குள் விழுந்தால் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், நூற்றில் ஒன்பது தடவை போல அப்படி ஆகும். குறுகிய வெக்டரை எண்ணுவதற்குச் சுழற்றத் தேவையில்லை. வட்டம் அல்லாத பகுதி என்றால் ஒரு கோணமும் சீராக எடுத்துச் சுழற்ற வேண்டும்.

பெரிய பரிமாணத்துக்கு வாத்தியார் சொன்ன 5, 13 வழியேதான், பகா எண் மட்டும் ராட்சச அளவில் இருக்க வேண்டும். கோல்ட்ஸ்டைன், மேயர் இருவரும் 2003-ல் அது சீராகப் பரவுகிறது என்று காட்டினார்கள். குறுகிய வெக்டர் தேடும் போட்டிக்கு டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகம் வெளியிடும் லாட்டிஸ்களும் இந்த வகைதான். எல்லா அடிப்படை வெக்டர்களையும் சும்மா −10-லிருந்து 10 வரை எடுப்பது மட்டும் வேண்டாம், அது ஹார் மெஷர் ஆகாது.

ஒத்தக்கடை வாத்தியார்

ஓட்டும்போது இரண்டு பரிமாணத்தில் எண்ணிக்கையின் சராசரியையும் வர்க்கத்தின் சராசரியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மாதிரிகள் கூடக் கூட முதலாவது வட்டத்தின் பரப்பில் போய் நிற்கும். இரண்டாவது நிற்காது, திடீர் திடீரென்று எகிறும். எகிறுகிற ஒவ்வொரு முறையும் அந்த லாட்டிஸின் உயரம் என்ன என்று அச்சிட வையுங்கள்.